லாக் ஃபைலை அழிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மாணவர் இணைப்பில் வந்த கணினிப் பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். கறுப்புத் திரையில் என்பிஎம் (npm, மற்றவர்கள் எழுதிய நிரல்களை இறக்கித் தரும் கருவி) இன்ஸ்டால் என்று அடித்துப் பக்கத்தில் ஒரு பேக்கேஜின் பெயரைப் போட்டால், யாரோ எழுதி வைத்த நிரல் நம் புராஜெக்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதைப் பிளஸ் டூ பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி எழுதியிருந்தார்கள். புராஜெக்டுக்கு வேண்டிய பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசன் ஃபைலில் பெயர் தானாக ஏறிவிடும் என்பதும் சரி. 2017இல் என்பிஎம் ஐந்தாம் பதிப்பு வரும்வரை அதற்குத் தனியாக 'சேவ்' என்று சேர்த்து அடிக்க வேண்டியிருந்தது. அதை மறந்துவிட்டு எத்தனையோ தடவை முழித்திருக்கிறேன். பாடத்தின் முக்கால் பாகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கடைசிப் பத்திதான் தொண்டையில் சிக்கியது. இன்ஸ்டால் ஆகாமல் பிழை காட்டினால், இறக்கிய பேக்கேஜ்களெல்லாம் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் பேக்கேஜ் லாக் ஃபைலையும் சேர்த்து அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் கொடுங்கள், சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள். ஃபோல்டரை அழிக்கலாம், தப்பில்லை. திரும்ப இறக்கிக்கொள்ளக் கொஞ்சம் நெட்டும் நேரமும் செலவாகும், அவ்வளவுதான். லாக் ஃபைல் அப்படியில்லை, எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பில் வந்தது என்று எழுதி வைத்திருக்கும் கணக்கு அது. அதைப் போகிற போக்கில் அழிக்கச் சொன்னது பெரிய தப்பு. உங்கள் பேப்பரைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அப்படியே செய்வார்கள். ஒரு பிள்ளை செய்து நான் பட்டதால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் நீடாமங்கலம் பக்கத்து ஊர்க்காரி. பாலிடெக்னிக் டிப்ளமோ. பதினேழு வருஷமாக நெல் மில்லுக்கும் உரக்கடைக்கும் பில் போடும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். ஆபீஸ் என்று ஒன்றும் பெரிதாக இல்லை, வீட்டுத் திண்ணையைத் தகரம் வைத்து மறைத்த அறை. வேலை பழக ஒரு பையன் வந்துபோவான்.

நான் செய்து கொடுத்தவற்றில் ஒன்று, மன்னார்குடி ரோட்டில் ஒரு மில்லின் எடை மேடைக்கான சாஃப்ட்வேர். நெல் லாரி மேடையில் ஏறி நிற்கும். எடைப் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் வழியாக எண் கம்ப்யூட்டருக்கு வரும். லோடு இறக்கிவிட்டு வெறும் லாரி திரும்ப ஏறும். மொத்த எடையில் காலி எடையைக் கழித்து நிகர எடை போட்டு, சின்னச் சுருள் தாளில் சீட்டு அடித்துக் கொடுக்கும். சீட்டு தமிழில்தான் வர வேண்டும் என்பது மில் அண்ணனின் கண்டிப்பு. "நெல்லு போடுறவங்க படிச்சுப் பாக்கணும்மா. இங்கிலீஷ்ல அடிச்சா ஒவ்வொருத்தருக்கும் நான்தான் வாசிச்சுச் சொல்லணும்."

அந்தப் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. அதனால் வரிக்கு 32 கட்டம் வைத்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக வரைந்து, முழுச் சீட்டையும் படமாக்கி அனுப்புகிறேன். இடதுபக்கம் 'நிகர எடை' என்று பெயர், வலது ஓரத்தில் எண், நடுவில் வெற்றுக் கட்டங்கள். அந்த வெற்றுக் கட்டங்களை நிரப்ப ஒரு பேக்கேஜ். வரி 32ஐத் தாண்டினால் மிச்சத்தை வெட்டிவிட இன்னொரு பேக்கேஜ். இரண்டுமே நான் எழுதியவை அல்ல. இரண்டும் ஒரு வரியில் எத்தனை எழுத்து என்று எண்ணுவதற்கு மூன்றாவதாக ஒரு குட்டிப் பேக்கேஜை நம்பியிருக்கின்றன. அந்த மூன்றாவதின் பெயரை அன்றைக்கு வரைக்கும் நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. நான் கேட்டு வாங்கியது ஒன்பது பேக்கேஜ். லாக் ஃபைலில் ஏறியிருந்தது நானூற்றுச் சொச்சம். எங்கள் ஊர் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிந்து, பாமணி, கோரையாறு, வெண்ணாறு என்று போய், அதற்குக் கீழே எத்தனை வாய்க்கால், எத்தனை மடை என்று தலைப்பில் நிற்கிறவருக்குத் தெரியாதல்லவா, அந்தக் கதைதான்.

தை மாசம், சம்பா அறுவடை. மில்லில் ராப்பகலாக வண்டி நிற்கிற நேரம். நான் கும்பகோணத்தில் சித்தி பேத்தியின் வளைகாப்பில் இருக்கிறேன். மில்லின் பழைய கம்ப்யூட்டர் புகைந்துவிட்டது என்று போன். புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டார்கள், சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுக்கப் பையன் போயிருந்தான். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது கூப்பிட்டான். "அக்கா, இன்ஸ்டால் பண்ணா செவப்பு செவப்பா எர்ரர் வருது." கையில் சாம்பார் சாதம். "மேல என்ன சொல்லுதுன்னு படிச்சுப் பாத்துப் போடுறா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அரைமணி நேரம் கழித்துக் கட்டை விரல் படம் அனுப்பினான். ஆயிற்று என்று அர்த்தம். நானும் பாயசத்துக்குப் போனேன்.

சாயங்காலம் ஆறரைக்கு மில் அண்ணன். "தங்கச்சி, ஒம் மிஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. கெளம்பி வா."

கும்பகோணத்திலிருந்து பஸ். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கும் மூடித்தான் கிடந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, வாட்ஸ்அப்பில் வந்த சீட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி எண்ணில் கடைசி இலக்கத்தைக் காணோம். தேதியில் வருஷம் 20 என்று முடிகிறது. மொத்த எடை 157. காலி எடை 7. நிகர எடை 84. மூட்டை 1. ஈரப்பதம் மட்டும் 17.0 என்று குத்துக்கல் மாதிரி சரியாக நிற்கிறது.

உண்மையில் அந்த வண்டியின் மொத்த எடை 15700 கிலோ, காலி 7240, நிகரம் 8460. அறுபது கிலோ மூட்டைக் கணக்கில் 141 மூட்டை. கம்ப்யூட்டருக்குள் கணக்கெல்லாம் சரியாகத்தான் பதிந்திருந்தது. சீட்டில்தான் வால் அறுந்து வந்தது. கோட்டூர்ப் பக்கத்திலிருந்து நெல் போட்டுவிட்டுப் போன பெரியவர் ஒருத்தர் பாதி வழியில் சீட்டை எடுத்துப் பார்த்து, டிவிஎஸ் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாராம். "எம்பத்தி நாலு கிலோன்னா நான் தலையிலயே தூக்கியாந்திருப்பேனே தம்பி, எதுக்கு லாரிக்கு வாடகை குடுத்தேன்?"

கேட் திறக்கக் காத்திருந்த நேரத்தில் வளைகாப்புப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வண்டி எண் வரியில் போனது ஓர் இலக்கம். தேதி, மொத்த எடை, நிகர எடை, மூட்டை நான்கிலும் இரண்டிரண்டு. காலி எடையில் மூன்று. ஈரப்பதத்தில் ஒன்றுமே போகவில்லை. எண்ணில் பிழை இருந்தால் எல்லா வரியிலும் ஒரே மாதிரி போயிருக்க வேண்டும். இதுவோ வரிக்கு வரி மாறுகிறது. அப்படியானால் எண்ணில் இல்லை, இடதுபக்கத்துப் பெயரில்தான் ஏதோ இருக்கிறது.

'காலி எடை' என்று எழுதிப் பாருங்கள். கா, லி, ஓர் இடைவெளி, எ, டை. நமக்கு ஐந்து கட்டம். கம்ப்யூட்டருக்குள் 'கா' என்பது ககரமும் துணைக்காலும் தனித்தனி. 'லி' என்பது லகரமும் மேல்விலங்கும். 'டை' என்பது டகரமும் இணைக்கொம்பும். ஆக எட்டு. மூன்று கூடுதல், போனதும் மூன்று இலக்கம். 'நிகர எடை'யில் மேல்விலங்கு ஒன்று, இணைக்கொம்பு ஒன்று. இரண்டு. சரி, 'ஈரப்பதம்'? அதில் இருப்பது புள்ளி மட்டும், 'ப்'பிலும் 'ம்'மிலும். புள்ளியை மட்டும் அது எண்ணவில்லை! யூனிகோடில் (கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் உலகத் தரம்) நம் எழுத்துக் குறிகள் இரண்டு வகையாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. புள்ளியும் ஈகாரத்தின் குறியும் தனக்கென்று இடம் பிடிக்காத வகை. துணைக்கால், மேல்விலங்கு, கொம்புகள் எல்லாம் இடம் பிடிக்கும் வகை. முன்னே உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணிக்கொண்டிருந்த அந்தக் குட்டிப் பேக்கேஜ், புதுப் பதிப்பில் இந்த வகைப்பாட்டை வைத்து எண்ண ஆரம்பித்திருக்கிறது. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்ணில் அது ஒரு சின்னத் திருத்தம், சின்னத் திருத்தத்துக்குரிய பதிப்பு எண்ணோடுதான் வெளியிட்டிருந்தார். மூன்றாம் வகுப்பு டீச்சர் சொல்லிக் கொடுத்த துணைக்காலும் கொம்பும் ரயில்வே கேட்டில் கைகொடுக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

மில்லுக்குப் போய் என்பிஎம் எக்ஸ்பிளெய்ன் என்று அடித்து அந்தப் பேக்கேஜின் பெயரைக் கொடுத்தேன். எது எதனுடைய கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது என்று அந்தக் கட்டளை சொல்லும். ஒரே பேக்கேஜ் இரண்டு பதிப்பில் உட்கார்ந்திருந்தது. வெற்றுக் கட்டம் நிரப்புகிற பேக்கேஜ் பழைய பதிப்பே போதும் என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெட்டுகிற பேக்கேஜ் புதுசுக்குப் போய்விட்டது. ஒருத்தன் 32 கட்டம் அளந்து கொடுக்கிறான், அடுத்தவன் அதை 35 என்று எண்ணி மூன்றை வெட்டுகிறான். என்பிஎம் இதைத் தப்பென்று சொல்லாது. ஒரே பேக்கேஜின் இரண்டு பதிப்பு பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருக்க அது இடம் கொடுக்கும். பல நேரம் அது வசதியும்கூட.

பையன் சுவரோரம் நின்றுகொண்டு ஒன்றே ஒன்று கேட்டான். "அக்கா, நான் எதையும் மாத்தலையே. நீங்க எழுதுனதத்தானே இன்ஸ்டால் பண்ணேன்?"

அவன் பொய் சொல்லவில்லை. நிரலில் ஓர் எழுத்தை அவன் தொடவில்லை. பேக்கேஜ்.ஜேசனையும் தொடவில்லை. புதுக் கம்ப்யூட்டரில் நோட் (Node, என் நிரலை ஓட்டும் மென்பொருள்) புதுப் பதிப்பு, எடைப் பெட்டியோடு பேசும் பேக்கேஜ் பழைய பதிப்பு, இரண்டும் ஒத்துப்போகவில்லை. வந்த பிழை அவ்வளவுதான். அதற்கு அவன் ஒரு வீடியோவைப் பார்த்து ஃபோல்டரையும் லாக் ஃபைலையும் அழித்திருக்கிறான். பிழை போய்விட்டது. அந்த யோசனையின் விஷமே அதுதான், பிழை நிஜமாகவே போய்விடும். கூடவே நானூற்றுச் சொச்சம் பேக்கேஜில் எது எது எந்தப் பதிப்புக்கு நகர்ந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

பேக்கேஜ்.ஜேசனில் பேக்கேஜ் பெயருக்குப் பக்கத்தில் ^2.3.0 என்று இருக்குமே, அதில் முன்னால் ஒரு குல்லா மாதிரி குறி இருப்பதை உங்கள் பாடத்தில் சொல்லவில்லை. அதற்கு 2.3.0 வேண்டும் என்று பொருளில்லை. 2.3.0க்குக் குறையாமல், 3.0.0ஐ எட்டாமல், எது கிடைத்தாலும் சரி என்று பொருள். அதாவது அந்த ஃபைல் நம் விருப்பத்தைச் சொல்கிறது. அன்றைக்கு நிஜமாக என்ன வந்தது என்பதைச் சொல்வது லாக் ஃபைல். இன்ன பேக்கேஜ், இன்ன பதிப்பு, இன்ன முகவரியிலிருந்து இறங்கியது, அதன் கைரேகை இது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்திருக்கும். கைரேகை என்றால் ஷா-512 முறையில் கணக்கிட்ட நீளமான ஒரு குறியீடு. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் குறியீடு மாறிவிடும், பொருந்தவில்லை என்று என்பிஎம் நின்றுவிடும். லாக் ஃபைல் இருக்கும்வரை குல்லாக்குறியைப் பற்றிக் கவலையில்லை. அழித்தால், என்பிஎம் எல்லாவற்றையும் இன்றைய தேதிக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும்.

எங்கள் அப்பா விதைநெல் வாங்கினால் மூட்டை வாயில் தைத்திருக்கும் நீல அட்டையைப் பிய்த்துக் கம்பியில் குத்தி உத்திரத்தில் மாட்டுவார். சான்று விதைக்கு நீலம், ஆதார விதைக்கு வெள்ளை. ரகம், குவியல் எண், பரிசோதித்த தேதி எல்லாம் அதில் இருக்கும். பில்லும் அதே கம்பியில். அறுத்துக் களத்துக்கு வருகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஒரு வருஷம் சி.ஆர். 1009, எங்கள் பக்கத்தில் பொன்மணி என்போம், நட்ட வயலில் அங்கங்கே முன்கூட்டியே கதிர் வாங்கி நெட்டையாக நின்றது. கலப்பு விதை. பக்கத்து வயல்காரரும் அதே கடையில்தான் வாங்கியிருந்தார், அட்டையை மாடு தின்றதோ பிள்ளைகள் விளையாடியதோ தெரியவில்லை. வேளாண்மை அலுவலகத்தில் முதல் கேள்வியே "அட்டை எங்க?" என்பதுதான். அப்பாவுக்கு விதைப் பணம் திரும்பி வந்தது. அவருக்கு வரவில்லை. "பொன்மணி வாங்கினேன்" என்று வாயால் சொன்னால் எந்தக் குவியல் என்று யார் கண்டது? பேக்கேஜ்.ஜேசன் வாய்ப்பேச்சு. லாக் ஃபைல்தான் நீல அட்டை. பையனுக்கு அன்று ராத்திரி இப்படித்தான் சொன்னேன், அவனும் விவசாயி மகன், வேறு பாடம் தேவைப்படவில்லை.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மில் சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த குறிப்பிலேயே என்பிஎம் இன்ஸ்டால் என்றுதான் எழுதியிருந்தேன். என்பிஎம் சிஐ என்று எழுதியிருக்க வேண்டும். சிஐ என்கிற கட்டளை ஃபோல்டரைத் தானே அழித்துவிட்டு லாக் ஃபைலில் உள்ளபடி அச்சு அசலாக இறக்கும். லாக் ஃபைல் இல்லாவிட்டாலோ, பேக்கேஜ்.ஜேசனோடு ஒத்துப்போகாவிட்டாலோ வேலை செய்ய மாட்டேன் என்று நிற்கும். அந்த முரட்டுத்தனம்தான் மில்லில் வேண்டியிருந்தது. எந்தப் பதிப்பு நோட் என்பதையும் நான் எழுதி வைக்கவில்லை. பையனை மட்டும் திட்டினால் நியாயமில்லை. திட்டவும் இல்லை.

சரிசெய்ய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. என் லேப்டாப்பில் கிட் (Git, ஃபைல்களின் பழைய நிலைகளையெல்லாம் சேர்த்து வைக்கும் மென்பொருள்) வைத்திருந்ததால் பழைய லாக் ஃபைல் பத்திரமாக இருந்தது. பழைய நோட் பதிப்பை இறக்கி, சிஐ கொடுத்து, ஒன்பதரைக்கு முதல் சீட்டு அடித்தோம். கணக்குப்பிள்ளை மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து எண்ணினார். அதற்குள் பத்தொன்பது வண்டிக்குத் தப்புச் சீட்டு போயிருந்தது. எல்லோருக்கும் போன் போட்டு, புதுச் சீட்டு அடித்து, மறுநாள் மத்தியானம் வரைக்கும் அதே வேலை.

எனக்கு நேர்ந்தது கேலிக்கூத்தோடு போயிற்று. வெளியே நடந்தவை அப்படிப்பட்டவை அல்ல. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்கிற பேக்கேஜைப் பராமரித்து வந்தவர், உதவி செய்கிறேன் என்று வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் அதை ஒப்படைத்துவிட்டார். வந்தவர் அதற்குள் புதிதாக இன்னொரு பேக்கேஜைச் சார்பாகச் சேர்த்தார். அதற்குள் ஒளிந்திருந்த நிரலின் குறி, கோபே என்கிற பிட்காயின் பணப்பை. யாரும் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, ஈவென்ட்-ஸ்ட்ரீமின் சின்னப் பதிப்பு ஒன்று ஏறினால் போதும், கூடவே வந்துவிடும். பிறகு 2025 செப்டம்பர் 8. சாக், டிபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்கள், வாரத்தில் கோடிக்கணக்கான முறை இறக்கப்படுகிறவை. என்பிஎம்மிலிருந்து வந்தது போல ஒரு போலி மின்னஞ்சல், அதை நம்பி அவற்றைப் பராமரிப்பவர் கொடுத்த கடவுச்சொல், அவ்வளவில் திருட்டு நிரலோடு புதுப் பதிப்புகள் வெளியாகிவிட்டன. இரண்டு மணி நேரம் போலத்தான் அவை கிடைத்துக்கொண்டிருந்தன. பழைய லாக் ஃபைலை வைத்துச் சிஐ கொடுத்தவர்களை அது தொடவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பிள்ளை உங்கள் பாடத்தைப் படித்துவிட்டு லாக் ஃபைலை அழித்திருந்தால்?

லாக் ஃபைல் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2016 மார்ச் 22ஆம் தேதி லெஃப்ட்-பேட் என்ற பேக்கேஜை அதை எழுதியவரே ஒரு பெயர்த் தகராறில் கோபித்துக்கொண்டு விலக்கிக்கொண்டார். 11 வரி நிரல். எழுத்துக்கு இடதுபக்கம் வெற்றுக் கட்டம் நிரப்புவதுதான் அதன் மொத்த வேலை, என் சீட்டில் நடக்கிற அதே வேலை. அதை நம்பியிருந்த பெரிய பெரிய புராஜெக்டுகளெல்லாம் பில்ட் ஆகாமல் நின்றன. சரக்கே கடையில் இல்லாதபோது அட்டை இருந்து என்ன செய்வது? அன்றைக்கே திரும்ப ஏற்றி வைத்தார்கள், விலக்கிக்கொள்ளும் விதியையும் பிறகு இறுக்கினார்கள். அதைப் படித்தபோது, 11 வரியை நாமே எழுதிக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி, என் சீட்டுக்கு அதைச் செய்ய எனக்கு ஒரு தை மாசம் தேவைப்பட்டது. இப்போது எழுத்து எண்ணுவதும் நிரப்புவதும் வெட்டுவதும் என் சொந்த நிரல், முப்பது வரிகூட இல்லை.

இன்னொன்று, லாக் ஃபைலைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்தால் பழைய பாதுகாப்பு ஓட்டைகளும் அசையாமல் கிடக்கும். புதுப்பிக்கத்தான் வேண்டும். ஓட்டைகளைக் காட்டும் என்பிஎம் ஆடிட், பழசாகிப்போன பேக்கேஜ்களைக் காட்டும் என்பிஎம் அவுட்டேட்டட் இரண்டையும் மாசம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். ஆடிட் மிரட்டுவதில் பாதி என்னைப் பாதிக்காத விஷயம், இருந்தாலும் படித்துவிட்டே விடுகிறேன். உயர்த்துவதென்றால் ஒவ்வொரு பேக்கேஜாக உயர்த்தி, லாக் ஃபைலில் எத்தனை வரி மாறியது என்று கிட்டில் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். வண்டி வராத மாசத்தில்தான் அதெல்லாம்.

ஆகவே உங்கள் பாடத்தை எழுதியவருக்கு என் வேண்டுகோள் இது. பிழை வந்தால் முதலில் அதன் மேல் நான்கு வரியைப் படிக்கச் சொல்லுங்கள், எந்தப் பேக்கேஜ் அழுகிறது என்று அங்கேயே இருக்கும். நோட் பதிப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அழுகிற அந்த ஒன்றை மட்டும் பதிப்பு எண் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். சில சமயம் திரையில் வருகிற பிழைச் செய்தியே இரண்டையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய் என்று சொல்லும், அது எனக்கும் தெரியும். குறிப்பிட்ட சில பேக்கேஜ்களில் என்பிஎம்மின் கோளாறு ஒன்றுக்காக அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அப்போதும் பழைய லாக் ஃபைலைக் கிட்டில் ஏற்றிவிட்டு, அல்லது பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டு அழிக்கச் சொல்லுங்கள். நகல் எடுக்க ஒரு நொடி ஆகாது.

பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்து அடிக்க வேண்டும் என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். கிராஸ்-என்வ் என்கிற நல்ல பேக்கேஜுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு உண்டு. 2017இல் கோடில்லாமல் அதே பெயரில் ஒருவர் போலி ஏற்றி வைத்தார், கோட்டை மறந்தவர்களின் கம்ப்யூட்டரிலிருந்து ரகசியச் சாவிகளைத் திருடுவதற்கு. இப்போது பிள்ளைகள் ஏஐயிடம் கேட்டு அது சொல்கிற பெயரை அப்படியே ஒட்டுகிறார்கள். இல்லாத பெயரையும் அது சரளமாகச் சொல்லும். அந்தப் பெயரில் எவனாவது ஏற்றி வைத்துக் காத்திருந்தால் முடிந்தது கதை. அடுத்து பைத்தான் பாடம் வரும் என்று போட்டிருந்தீர்கள். பிப் இன்ஸ்டால் என்று அடிப்பதால் மட்டும் எந்த ஃபைலிலும் எதுவும் ஏறாது, நாமாகத்தான் எழுதி வைக்க வேண்டும் என்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள். ரஸ்ட் மொழியின் கார்கோ, பிஎச்பி மொழியின் கம்போசர் என்கிற இதே மாதிரிக் கருவிகள் இரண்டும் தாமாகவே லாக் ஃபைல் எழுதிக்கொள்ளும், கவலையில்லை.

திருத்தம் போடுவதாக இருந்தால், பாடம் வந்த அதே இணைப்பில், பிள்ளைகள் கண்ணில் படுகிற அளவில் போடுங்கள். ஆசிரியர் பக்கத்து மூலையில் போட்டால் அப்பாமார்தான் படிப்பார்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் பக்கத்தில் இந்த வேலை செய்கிற பெண்கள் ரொம்பப் பேர் இல்லை, என் பெயரைப் போட்டால் மில்லின் பெயரைப் போட்ட மாதிரி. அந்தப் பையன் இப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தால் மில்லுக்கும் ஒரு எட்டு போய்விட்டு வருவான். அண்ணன் அவனை எடை மேடையில் ஏறி நிற்கச் சொல்லிப் பெட்டியைப் பார்ப்பாராம். "என்னடா, இன்னும் எம்பத்தி நாலு வரலையா?"

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீடாமங்கலம்.